அறுபது கல்வெட்டும் ஆயாவின் கட்டைவிரலும்

பெரம்பலூர் நான்கு ரோட்டில் விடியற்காலை டீக்கடை வாசலில் நின்றால் ஒரு காட்சி தவறாமல் கிடைக்கும். லாரியிலிருந்து இறங்குகிற ஓட்டுநர் டீயைக் கேட்பதற்கு முன் இரண்டு கட்டைவிரலையும் இடுப்புக்குப் பின்னால் கொடுத்து அழுத்திக்கொள்வார். முதுகை வளைப்பார், கழுத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்புவார், சொடக்குச் சத்தம் வந்தால்தான் நிம்மதி. சென்னை–திருச்சி நெடுஞ்சாலை ஊரை ஒட்டிப் போவதால் இங்கே ராத்திரி முழுக்க லாரிதான்.

ஊரைத் தாண்டி செட்டிகுளம், ஆலத்தூர் பக்கம் போனால் வலி இடம் மாறுகிறது. மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைகிற மானாவாரி மண். அறுவடைக் காலத்தில் பெண்கள் காலையில் குந்தினால் பொழுது சாயும்வரை வெங்காயத் தாளை அறுத்துப் பிரித்துக் கொட்டுகிறார்கள். வயலோரப் பட்டறையில் காற்றாட அடுக்கி வைத்த வெங்காயம் நல்ல விலை வரும் வரைக்கும் காத்திருக்கும். குந்தியிருந்த முட்டிக்கு அந்த வசதி கிடையாது. “சிங்கப்பூர்ல இருந்து பையன் கோடாலித் தைலம் குடுத்துவுட்டுருக்கான், அத வெச்சுத்தான் ஓடுது” என்றார் ஒரு அம்மா. பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களிலும் வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீட்டு மாடத்தில் அந்தக் குப்பி இல்லாமல் இருந்தால்தான் அதிசயம்.

நான் வந்தது வலியைப் பார்க்க அல்ல, வலி எடுக்கிற கைகளைப் பார்க்க. அதற்குக் காரணம் பாங்காக்.

அங்கே அரண்மனைக்குத் தெற்கே வாட் போ என்கிற பெரிய புத்த ஆலயம் இருக்கிறது. சுற்றுலாக்காரர்கள் சயன புத்தரைப் பார்க்கப் போவார்கள். 46 மீட்டர் நீளம், பாதத்தில் முத்துச்சிப்பி வேலைப்பாடு, பார்க்க வேண்டியதுதான். ஆனால் அதே வளாகத்தில், கூட்டம் அவ்வளவாக எட்டிப்பார்க்காத மண்டபங்களில், சுவரில் பளிங்குப் பலகைகள் பதித்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு மனித உடம்பு, முன்பக்கமோ பின்பக்கமோ. உடம்பின் மேல் கோடுகள் ஓடுகின்றன, கோடுகளின் மேல் புள்ளிகள். எந்தப் புள்ளியை அழுத்தினால் எந்த நோய்க்கு ஆகும் என்று பக்கத்தில் எழுத்து. மொத்தம் 60 பலகைகள். மூன்றாம் ராமா மன்னர் 1832-இல் தொடங்கிய திருப்பணியில் செய்தவை.

மன்னருக்கு இந்த யோசனை வந்ததற்கு ஒரு துக்கம் பின்னணியில் உண்டு. 1767-இல் பர்மியப் படை அயுத்தயா தலைநகரை எரித்தபோது ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின. மருத்துவம் தெரிந்தவர்களில் பலர் செத்தார்கள், சிதறினார்கள். மிஞ்சியதைத் தேடிச் சேர்த்தபோது, இனி ஓலையை நம்ப வேண்டாம், கல்லில் எழுதிப் பொது இடத்தில் வைப்போம் என்று முடிவு செய்தார்கள். தெரிந்த வித்தையைக் கொடுத்த மருத்துவர்கள், கையாண்டு பார்த்ததைத்தான் தந்தோம் என்று சத்தியம் செய்ததாக அங்கே சொல்லுவார்கள். பிடிசுவல் எனப்படும் மசாஜ் மட்டுமல்ல, மருந்து, செய்யுள், வரலாறு என்று வாட் போவில் கல்வெட்டுகள் 1,400-க்கு மேல். யுனெஸ்கோ 2011-இல் அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. ‘நுவாட் தாய்’ என்கிற பிடிசுவல் கலை 2019-இல் மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியது.

1955-இல் அதே ஆலயத்தில் மரபு மருத்துவப் பள்ளி தொடங்கியது. நான் சேர்ந்த அடிப்படைப் பாடம் 30 மணி நேரம். தரையில் வரிசையாக மெத்தை. தளர்ந்த பருத்திச் சட்டையும் கால்சட்டையும். எண்ணெய் கிடையாது, உடுப்பைக் களைவதும் கிடையாது. காலையில் முதல் வேலை குருவணக்கம். வணங்கப்படும் குரு ஜீவகர், பிம்பிசாரனின் அரண்மனை மருத்துவர், புத்தருக்கும் மருந்து கொடுத்தவர். பாலி நூல்களில் அவர் மருந்துக்காரர், அறுவைக்காரர். பிடிசுவலுக்கு அவரைத் தந்தையாக்கியது சயாம் என்கிற தாய்லாந்து மக்களின் அன்பு.

பாடம் பாதத்தில் தொடங்கும். பிறகு கால், தொடை, கை. மல்லாந்து, ஒருக்களித்து, குப்புற, கடைசியில் உட்காரவைத்து முதுகும் தோளும் தலையும். இருவர் இருவராகப் பிரித்துவிடுவார்கள். முற்பகலில் நீ படுத்தால் பிற்பகலில் அவர் படுப்பார். ஆசிரியை திரும்பத் திரும்பச் சொன்னது இரண்டே விஷயம். ஒன்று, விரலால் அழுத்தாதே, முழங்கையை மடக்காமல் உடம்பைச் சாய்த்து எடையை இறக்கு. இரண்டு, எலும்பின் மேல் வைக்காதே, எலும்பை ஒட்டிய சதையில் வை. அழுத்தம் மெதுவாக ஏறி, சற்று நின்று, மெதுவாக இறங்க வேண்டும். இதை மறந்து சட்டென்று எடுத்தால் ஆசிரியை நம் தோளில் விரலை வைத்து வித்தியாசத்தைக் காட்டுவார். வார்த்தை தேவைப்படாத பாடம் அது. கூடப் படித்தவர்கள் பேசிய பாஷை எனக்குப் பாதி புரியவில்லை, ஆனால் யாருக்கும் எதுவும் தடைப்படவில்லை.

உடம்பில் 72,000 கோடுகள், அவற்றில் பத்து முக்கியம் என்று பாடத்தில் சொன்னபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். முதல் மூன்றின் பெயர் இத்தா, பிங்க்லா, சுமனா. நம் சித்தர் மரபின் தச நாடிகளில் முதல் மூன்றான இடகலை, பிங்கலை, சுழுமுனையேதான். ஆனால் போகிற வழி வேறு. சயாம் கணக்கில் எல்லாம் தொப்புளைச் சுற்றித் தொடங்குகின்றன. இத்தா இடது தொடையில் இறங்கி, முழங்காலிலிருந்து திரும்பி, முதுகுத்தண்டை ஒட்டி மேலேறி, தலையைச் சுற்றி இடது நாசியில் முடிகிறது. பிங்க்லா வலது பக்கம் அதே போல. யோகி கண்ணை மூடி மூச்சால் தேடிய நாடியை அவர்கள் கட்டைவிரலால் தேடும் நாடியாக மாற்றிக்கொண்டார்கள். இரவல் வாங்கியதைத் தன் வேலைக்கு ஏற்ப வளைத்துக்கொள்வதில் தென்கிழக்காசியா என்றைக்கும் கெட்டிக்காரப் பிரதேசம்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரி. ஒரு காலத்தில் இந்த நிலம் கடல். சிப்பியும் நத்தையும் சேர்ந்து இறுகிய அடிமண்ணைத்தான் இன்று சிமெண்ட் ஆலைகள் தோண்டி அரைக்கின்றன. பெரம்பலூரை அடுத்த சாத்தனூரில் கல்லாகிப்போன மரம் ஒன்று படுத்துக் கிடக்கிறது, 18 மீட்டர் நீளம், 12 கோடி ஆண்டுப் பழசு என்று பலகை சொல்லுகிறது. மூட்டை தூக்குகிற ஆட்கள் தோளில் துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு அரியலூர்க் கடைகளில் நிற்கிறார்கள். அதற்கு மேல் அரியலூர் நகரத்தில் எனக்கு வேலை இல்லை. ஜெயங்கொண்டம் பஸ் பிடித்தேன்.

கங்கைகொண்ட சோழபுரத்துக்கு எத்தனை பேர் எத்தனை காரணத்துக்குப் போகிறார்களோ, நான் கோயில் சுவரைப் படிக்கப் போனேன். ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் கடல் கடந்து அனுப்பிய படை வென்ற ஊர்களை அவன் மெய்க்கீர்த்தி வரிசையாகச் சொல்லும். கடாரம் இன்றைய மலேசியாவின் கெடா. தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலங்காசோகம் மூன்றும் ஆய்வாளர்கள் கணக்கில் இன்றைய தெற்குத் தாய்லாந்தில். படைக்கு வெகுகாலம் முன்பே வணிகர் போயிருந்தார்கள். அதே தெற்குத் தாய்லாந்தின் தக்குவாபாவில் கிடைத்த 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு அவனிநாரணம் என்ற குளத்தையும் அதைக் காக்கும் மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவையும் பேசுகிறது. கிராபி அருகே குவான் லுக் பட்டில் பொன் உரைக்கும் கல் ஒன்றில் தமிழ்-பிராமி எழுத்தில் தட்டான் பெயர் பொறித்திருக்கிறது.

மண்டபத்து அதிட்டானத்தில் கையை வைத்துக்கொண்டு நடந்தேன். இங்கே இருக்கும் பெரிய கல்வெட்டு ராஜேந்திரனின் மகன் வீரராஜேந்திரன் காலத்தது. கோயிலுக்குக் கொடுத்த ஊர்கள், நெல், அளவு என்று கறாரான கணக்கு. இதே அரசனின் காலத்தில், 1060-களின் இறுதியில், வாலாஜாபாத் அருகே திருமுக்கூடலில் வெட்டிய கல்வெட்டுத்தான் தமிழ்நாட்டு மருத்துவ வரலாற்றின் மகுடம். 15 படுக்கை கொண்ட ஆதுலசாலை, அதாவது மருத்துவமனை. வைத்தியர் ஒருவர், சல்லியக்கிரியை என்கிற அறுவை செய்கிறவர் ஒருவர், மூலிகை கொண்டுவர ஆட்கள், நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண்டுகள், நாவிதர், தண்ணீர்க்காரர் என்று எல்லாருக்கும் கூலி எழுதியிருக்கிறது. சேமிப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் உண்டு, அதில் சில தைலங்கள். தைலத்தின் பெயர் இருக்கிறது. அதை எப்படித் தேய்ப்பது, எங்கே பிடிப்பது என்று ஒரு வரி கிடையாது. அது கணக்குக் கல்வெட்டு, அதனிடம் அதைக் கேட்பது நியாயமில்லை. ஆனால் கேட்கத் தோன்றியது.

நம்மிடம் நூலே இல்லை என்று சொல்ல வரவில்லை. சித்த மருத்துவத்தின் புறமருத்துவம் 32 வகை. அதில் தொக்கணம் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என்று தொக்கணமே ஒன்பது விதம். வாட் போவில் நான் கற்றவற்றில் இந்த ஒன்பதுக்குள் அடங்காதது எதுவும் இல்லை. வர்மம் தனிக்கடல். மூலிகைப் பொட்டணத்தை ஆவியில் வைத்து ஒற்றுவதுகூட அங்கும் இங்கும் ஒன்றே. அவர்கள் ப்ளாய் என்ற இஞ்சி வகைக் கிழங்கும் எலுமிச்சைப் புல்லும் மஞ்சளும் கர்ப்பூரமும் கட்டுகிறார்கள். நாம் நொச்சியும் ஆமணக்கும் புளிய இலையும் கட்டுகிறோம்.

பிரச்சினை வேறு இடத்தில். நம் ஊரில் நூல் ஒருவர் கையில் இருந்தது, பிடிக்கிற கை இன்னொருவருடையது. சுவடி வைத்திருந்தவர் நாடி பார்த்தார், மருந்து சொன்னார். சுளுக்கு எடுத்ததும், பிள்ளைபெற்றவளின் வயிற்றை நீவியதும், பச்சைக்குழந்தையை நீட்டிய காலில் கிடத்தி எண்ணெய் தேய்த்துக் கைகாலை உருவியதும் மருத்துவச்சிகள், நாவிதர் வீட்டார், எழுத்து வாசனை அறியாத கிழவிகள். ஊருக்கே உடம்பைத் தொட்டுத் தேற்றியவர்களை ஊர் தொடாத தூரத்தில் வைத்தது. களத்துமேட்டில் அளந்து போட்ட தானியமே அவர்களுக்குக் கூலி. இந்த முரண் வாட் போவின் மண்டபத்தில் நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அங்கே அரசன் கோயில் சுவரில் அந்தக் கைவேலைக்கு இடம் கொடுத்தான். வித்தை சுவரேறியதும் அதற்குப் பாடமும் பள்ளியும் வந்தன. அந்தக் கை வெள்ளைச் சீருடை போட்டது, சம்பளம் கேட்டது.

சயாமிலும் எல்லாம் சமத்துவமாக நடந்தது என்று நினைத்துவிட வேண்டாம். அரண்மனைப் பிடிசுவல் தனி, ஊர்ப் பிடிசுவல் தனி. அரண்மனையில் முழங்காலிட்டு நகர்ந்து போய், தலையைத் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் நீட்டிப் பிடிக்க வேண்டும். கால், முழங்கை, முழங்கால் எதுவும் மன்னர் உடம்பில் படக்கூடாது. ஊராருக்கு எல்லாம் படலாம். 1680-களின் இறுதியில் பிரெஞ்சுத் தூதராக வந்த லா லூபேர், சயாமியர் நோய் என்றதும் முதலில் ஆளைப் படுக்கவைத்து மேலேறி மிதிக்கச் சொல்கிறார்கள் என்று வியந்து எழுதியிருக்கிறார். வலி என்றால் பிள்ளையைக் கூப்பிட்டு முதுகில் ஏறி நடக்கச் சொல்லும் நம் வீட்டுத் தாத்தாக்களைப் பார்த்திருந்தால் அவர் இன்னொரு அத்தியாயம் எழுதியிருப்பார்.

இன்றைக்கு அங்கே அடிப்படைச் சான்றிதழை வைத்துக்கொண்டு கடை திறக்க முடியாது. அரசு அங்கீகரித்த ஆரோக்கியப் பிடிசுவல் பாடம் 150 மணி நேரம். நோய் தீர்க்கிறேன் என்று கை வைக்க 800 மணி நேரப் படிப்பு. வெளிநாட்டவர் கற்றுக்கொள்ளலாம், ஆனால் அந்த நாட்டுக்குள் தொழிலாகச் செய்யக்கூடாது, அது உள்ளூர் மக்களுக்கு ஒதுக்கிய வேலை. சியாங் மாயில் பெண்கள் சிறைச்சாலை சார்பில் ஒரு பயிற்சி நிலையமே நடக்கிறது. விடுதலையை நெருங்கும் கைதிகள் பயிற்சி பெற்றுச் சுற்றுலாப் பயணிகளுக்குப் பிடித்துவிடுகிறார்கள், கூலியில் ஒரு பங்கு வெளியே போகும் நாளுக்காகச் சேர்கிறது. வெளியூர்க்காரர்கள் வரிசையில் காத்திருந்து போகிறார்கள்.

இங்கே? பெரம்பலூர் லாட்ஜில் என் பையிலிருந்த வாட் போ பாடப்புத்தகத்தைப் பார்த்த வரவேற்பறைத் தம்பி, குரலைத் தாழ்த்தி, “சார், ஸ்பா வைக்கப்போறீங்களா?” என்றார். அந்தத் தாழ்ந்த குரலில் எல்லாம் இருந்தது. தமிழ்நாட்டு நகரங்களில் தாய் மசாஜ் என்ற பெயர்ப்பலகை தொழிலைச் சொல்வதைவிடச் சந்தேகத்தைத்தான் சொல்கிறது. போலீஸ் சோதனை, வழக்கு, பத்திரிகையில் மங்கலாக்கிய படம். 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஒரு நீதிபதி மசாஜ் நிலையங்களில் கேமரா வைக்கச் சொன்னார். அடுத்த மாதமே மதுரைக் கிளையில் இன்னொரு நீதிபதி, உள்ளே கேமரா வைப்பது தனியுரிமைக்கு விரோதம் என்றார். கேமரா இருக்க வேண்டுமா என்று நீதிமன்றம்வரை போய்ப் பேசிய நாம், உள்ளே இருக்கிறவர் எத்தனை மணி நேரம் படித்தார் என்று கேட்பதில்லை. ஒழுங்காகக் கற்றுச் சம்பாதிக்க வந்த வடகிழக்கு மாநிலத்துப் பெண்களுக்குத்தான் அந்தச் சந்தேகத்தின் பாரம்.

உடையார்பாளையம் சுற்றுவட்டாரத்தில் நெசவு ஊர்கள் உண்டு, குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு நாள் முழுக்க மிதிக்கிறவர்கள். அப்படி ஓர் ஊரில் சுளுக்கு எடுக்கிற ஆயா ஒருவர் இருப்பதாக பஸ்ஸில் வந்தவர் சொன்னார். முந்திரித் தோப்பைத் தாண்டி ஓட்டு வீடு. திண்ணையில் எனக்கு முன்னால் இரண்டு பேர். ஒரு பையனுக்குக் கணுக்கால் பிசகியிருந்தது. ஆயா விளக்கெண்ணெயைக் கையில் ஊற்றிக்கொண்டு, காலை மடியில் வைத்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே நீவினார். எந்த ஊர்ப் பள்ளிக்கூடம், கபடி எந்த டீம் என்று கேட்டுக்கொண்டிருந்த நேரத்திலேயே கை வேலையை முடித்துவிட்டது.

அடுத்தவர் நடுவயதுக்காரர். ஒரு கால் மட்டும் கெண்டைச்சதை வீங்கி, தொட்டால் சூடாக இருந்தது. நீவிவிடச் சொன்னார். ஆயா விரலை வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துவிட்டார். “இது என் கைக்கு இல்ல சாமி. இத நீவக்கூடாது. அரியலூரு பெரியாஸ்பத்திரிக்கிப் போ, இன்னிக்கே போ.” அவர் மன்றாடினார், காசு அதிகம் தருகிறேன் என்றார். ஆயா எண்ணெய்க் கிண்ணத்தையே உள்ளே எடுத்துப் போய்விட்டார்.

நான் அசந்துபோனேன். வாட் போவில் எங்களுக்கு முதலில் மனப்பாடம் செய்யச் சொன்ன பக்கம் யாரைத் தொடக்கூடாது என்பதுதான். காய்ச்சல், எலும்பு முறிவு, கட்டுக்கடங்காத ரத்தக்கொதிப்பு, ஒரு பக்கக் கால் வீக்கமும் சூடும். ரத்தநாளத்தில் உறைகட்டி இருந்தால், நீவும்போது அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போகலாம், ஆள் பிழைப்பது கஷ்டம். ஆயாவுக்கு அந்தக் காரணம் தெரியாது. அவருடைய மாமியார் இப்படிப்பட்ட காலைத் தொடாதே என்று சொல்லியிருந்தார், அவ்வளவுதான். எல்லா ஊர்க் கைகளும் இப்படி நிதானமானவை அல்ல. முறிந்த எலும்பை நீவிக் கெடுத்த கதைகளும் இதே மாவட்டத்தில் வேண்டிய அளவு கேட்டேன். நல்ல மாமியார் வாய்த்தவருக்குப் பாடம் கிடைத்தது, வாய்க்காதவரிடம் அகப்பட்டவருக்குக் கால் போனது. 150 மணி நேரம் என்கிற ஏற்பாடு இந்த அதிர்ஷ்டக் கணக்கை ஒழிப்பதற்காகத்தான் என்று திண்ணையில் உட்கார்ந்துதான் புரிந்துகொண்டேன்.

மருமகள் இந்த வேலையைக் கற்றுக்கொள்ளவில்லை. “இத கத்துக்கிட்டா ஊருல என்னா பேரு வரும்னு எனக்குத் தெரியாதா?” என்று அடுக்களையிலிருந்தே சொன்னார். பேத்தி பிளஸ் டூ முடித்திருந்தாள். அவளிடம், அரசின் இந்திய மருத்துவம், ஓமியோபதித் துறை நடத்தும் நர்சிங் தெரபி பட்டயப் படிப்பைப் பற்றிச் சொன்னேன். அதைப் படித்தவர்களைத்தான் அரசு சித்தப் பிரிவுகளில் தொக்கணமும் ஒற்றடமும் கொடுக்கிற தெரபி உதவியாளர்களாக எடுக்கிறார்கள். அவள் செல்போனில் குறித்துக்கொண்டாள். “கவர்மெண்டு வேலையா?” என்று அடுக்களைக் குரல் கொஞ்சம் மாறி வந்தது.

ஆயாவுக்கு என் படிப்பில்தான் ஆர்வம். எங்கே, செஞ்சு காட்டு என்று காலை நீட்டினார். பாதத்தில் தொடங்கினேன். உள்ளங்கால், குதிகால், கணுக்காலுக்கு மேல் எலும்பை ஒட்டிய வரி, உடம்பைச் சாய்த்து, நிறுத்தி, விட்டு. ஆயா கண்ணை மூடிக்கொண்டு கவனித்தார். முழங்காலுக்குக் கீழே வந்தபோது என் கட்டைவிரலைப் பிடித்து அரை விரற்கடை வெளியே நகர்த்தி வைத்தார்.

“எலும்பு மேல ஏறாத. நல்லாத்தான் புடிக்கிற. எண்ணெ இல்லாம வறட்டுப் புடியாப் புடிக்கிறது என்னா பழக்கம்?”

“அந்த ஊர்ல அப்படித்தான் ஆயா.”

“எவ்ளோ கட்டுன இதுக்கு?”

நம் பணத்தில் முப்பதாயிரத்துக்கு மேல் என்றேன். ஆயா காலை மடக்கிக்கொண்டார். திண்ணையோரம் வெற்றிலைத் தட்டில் அந்தப் பையன் வைத்துவிட்டுப் போன ஐம்பது ரூபாயைப் பார்த்தார், பிறகு பேத்தியைப் பார்த்தார்.

“ஏண்டி, அந்தப் படிப்பு பேரு என்னான்னு சொன்னாரு? இன்னொருக்கா கேட்டு எளுதிக்க.”